98 வயதில் வாருங்கள்

மூப்புக்கும் இப்போது விலைப்பட்டியல் வந்துவிட்டது. 50 வயது முடிந்து, வங்கியில் 8 லட்சம் பாட் போட்டு வைத்தால் தாய்லாந்து ஓய்வு விசா தரும். ஸ்பெயினுக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். அங்கே போய் வேலை மட்டும் பார்க்கக் கூடாது. போர்ச்சுகல் கொஞ்சம் மலிவு. அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி அளவுக்குப் பென்ஷனோ வாடகையோ வந்துகொண்டிருந்தால் போதும். மலேசியா வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தட்டு வைத்திருக்கிறது. வைப்புத்தொகை ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலரில் தொடங்கி 10 லட்சம் டாலர் வரை போகும். கட்டியவர் ஆறு மாதம் அங்கே கடற்கரையில் காலாறலாம், ஆறு மாதம் சொந்த ஊரில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடலாம். எதற்கு வருகிறீர்கள் என்று யாரும் துருவ மாட்டார்கள். வைப்புத்தொகை முன்பே போய்ப் பதில் சொல்லிவிட்டது.

வருஷத்தை இரண்டாகப் பிரித்து வாழ்வதில் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆடி கழிந்ததும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டு மாசியில் திரும்பும் அப்பா அம்மா ஒரு ஜோடியாவது இல்லாத அபார்ட்மென்ட் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ இருக்கிறதா? ஆனால் இவர்கள் கடற்கரைக்குப் போவதில்லை. பேறுகாலத்துக்குப் போகிறார்கள். இவர்கள் வங்கியில் டாலர் போட்டு வைக்கவில்லை. பிள்ளையைப் படிக்கவைத்து, ஆளாக்கி, முழுசாக அந்த நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வைப்புக்கு எந்த நாட்டுத் திட்டத்திலும் மதிப்புக் கிடையாது.

பெரிய கோயில்களில் தர்ம தரிசன வரிசையில் நின்றிருப்பீர்கள். கம்பித் தடுப்புக்குள் நாலு மணி நேரம் நின்று வந்தவரை 'நகருங்க, நகருங்க' என்று தோளில் கைவைத்துத் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவர் பக்கவாட்டுக் கதவால் வந்து, சந்நிதி முன்னால் உட்கார்ந்து, பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொள்வார். உலக நாடுகள் முதியவர்களுக்குப் போட்டிருக்கும் வரிசையும் இதுதான். ஒரே வித்தியாசம்: கோயிலில் தர்ம தரிசனத்துக்கு வந்தவரைப் பார்த்து, 'நீ உண்டியலை உடைக்க வந்தவன் இல்லை என்று முதலில் நிரூபி' என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கா கேட்கிறது. 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு. சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் யாரானாலும், அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது வந்தவர் பொறுப்பு. கொலை வழக்கில் கூண்டில் நிற்பவனுக்குக்கூடக் குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்ற சலுகை உண்டு. மகள் வீட்டுக்குப் போக நினைக்கும் தாய்க்கு அது கிடையாது.

விண்ணப்பப் படிவத்துக்கு டிஎஸ்-160 என்று பெயர். கட்டணம் 185 டாலர், நம் காசுக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய். விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. இது போதாதென்று 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் 'விசா நேர்மைக் கட்டணம்' என்று இன்னொரு 250 டாலரை எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மைக்கே கட்டணம் வாங்கத் தெரிந்த தேசம்.

படிவத்தின் பின்பகுதியை ஒருமுறை நிரப்பியவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். மயிலாடுதுறையில் ஒரு 74 வயதுப் பாட்டி. குனிந்து கோலம் போட முடியாததால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அவரைப் பார்த்து உலகத்தின் பெரிய வல்லரசு வரிசையாகக் கேட்கிறது. நீங்கள் பயங்கரவாதச் செயலில் ஈடுபடப் போகிறீர்களா? இனப்படுகொலையில் பங்கெடுத்திருக்கிறீர்களா? சிறுவர்களைப் படைவீரர்களாகச் சேர்த்திருக்கிறீர்களா? பாலியல் தொழில் செய்ய வருகிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தி ஒவ்வொன்றுக்கும் 'இல்லை'யைத் தட்டிக்கொண்டே போகிறாள்.

"என்னடி கேக்குறான் அவ்வளவு நேரமா?"

"ஒண்ணும் இல்ல பாட்டி. பேரு, ஊரு கேக்குறான்."

பொய்யாகப் பதில் சொன்னால் அந்தப் பொய்யைக் காரணம் காட்டிப் பின்னால் வெளியேற்றலாம், அதற்காகத்தான் இந்தக் கேள்விகள் என்று வக்கீல்கள் விளக்கம் சொல்வார்கள். நல்ல விளக்கம். வியட்நாமிலும் இராக்கிலும் குண்டு போட்ட நாடு மயிலாடுதுறைப் பாட்டியிடம் அவரது போர்க்குற்றங்களை விசாரிக்கிறது என்பதற்கு மட்டும் எந்த வக்கீலிடமும் விளக்கம் இல்லை. கடந்த ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கொடுக்க வேண்டும். முருகன் படத்துக்குக் கீழே 'ஓம் சரவணபவ' என்று எழுதியதெல்லாம் இனி அமெரிக்கப் பாதுகாப்பின் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

அடுத்தது ஒத்திகை. நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நியூ ஜெர்சியிலிருந்தோ டல்லஸிலிருந்தோ வீடியோ காலில் மகள் வருவாள். "அம்மா, குழந்தை, பிரசவம்ங்கற பேச்சே எடுக்காத. கிராண்ட் கேன்யன் பாக்கப் போறோம்னு சொல்லு. அப்பா, நீங்க தயவுசெஞ்சு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கதை சொல்லாதீங்க." 35 வருஷம் வகுப்பறையில் பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிய தலைமையாசிரியர், 70 வயதில், வாழ்நாளில் கேள்விப்பட்டிராத ஒரு பள்ளத்தாக்கின் பெயரை மனப்பாடம் செய்வார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால், அது ஆறு மாதம் சம்பளமில்லாத வேலை, இவர் சுற்றுலாப் பயணி இல்லை என்று அதிகாரி நினைத்துவிடுவாரோ என்ற பயம். மூதாட்டிகள் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

ஆனால் அந்த நாட்டில் பிள்ளை பெற்றவளின் கதி என்ன? அமெரிக்க மத்தியச் சட்டப்படி தனியார் வேலையில் இருப்பவளுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு இல்லை. 1993-இல் வந்த சட்டம் 12 வாரம் தருகிறது, அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் வைத்திருக்கும் இந்தியாவைப் பார்த்து அவர்கள் மனித உரிமை பேசுவார்கள். தையல் பிரிப்பதற்குள் லேப்டாப்பைத் திறக்கும் பெண்ணின் குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, வசம்பு உரசித் தூங்கவைப்பது யார்? அமெரிக்கா தன் குடும்பங்களுக்குச் செய்யாத வேலையைத் தஞ்சாவூரிலிருந்தும் ராஜமுந்திரியிலிருந்தும் போன பாட்டிகள் ஓசியில் செய்துவிட்டு வருகிறார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பேறுகாலக் கொள்கை இவர்கள்தான். அந்தக் கொள்கையைத்தான் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி இரண்டு நிமிஷம் விசாரிக்கிறார்கள்.

அந்த இரண்டு நிமிஷத்தைச் சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம். காலை வெயில் ஏறுவதற்குள் நடைபாதையில் கூட்டம். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒருவர் தவிப்பார். கக்கத்தில் பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் வீட்டுப் பத்திரம், பட்டா, எஃப்.டி. ரசீது, பென்ஷன் உத்தரவு, ஊரில் இன்னொரு பிள்ளை இருக்கிறான் என்று காட்ட அவன் கல்யாணப் பத்திரிகை. திரும்பி வருவதற்கு ஊரில் காரணங்கள் இருக்கின்றன என்று காட்டும் சாட்சியங்கள் இவை. பெரும்பாலும் அதிகாரி கோப்பைத் திறக்கச் சொல்வதே இல்லை. முகத்தைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், முடிவு சொல்கிறார். மறுத்தால் கையில் ஒரு தாள் தருவார்கள். அதில் உங்கள் தனிப்பட்ட காரணம் எதுவும் இருக்காது; 214(பி) இருக்கும். 40 வருஷம் ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே ரேஷன் கார்டில் வாழ்ந்த மனிதருக்குச் சொந்த ஊரோடு போதுமான பிணைப்பு இல்லை என்று அந்தத் தாள் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. மறுபடி 185 டாலர் கட்டலாம். விசா வேண்டி ஐதராபாத் பக்கம் சில்கூரில் பாலாஜியைச் சுற்றலாம். அங்கே 11 சுற்று வேண்டுதலுக்கு, 108 சுற்று கிடைத்த பிறகு. அதிகாரியைவிடச் சாமி தன் விதிமுறையைத் தெளிவாக வைத்திருக்கிறார்.

79 வயதைத் தாண்டியவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்று முன்பு ஒரு சின்ன இரக்கம் இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அதையும் பொதுவாக எடுத்துவிட்டார்கள். 82 வயதுக் கிழவர் வாக்கரோடு வந்து ஜன்னலில் நிற்க வேண்டும். வல்லரசுகளுக்கு எதிரிகள் எந்த உருவத்திலும் வரலாம்.

சரி, விசா கிடைத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மல்டிப்பிள் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. பத்து வருஷம் என்பது கதவைத் தட்டும் உரிமை மட்டுமே. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அதிகாரி தீர்மானிப்பார். வழக்கமாக ஆறு மாதம். நன்றாக நடக்கக்கூடிய அம்மாக்கள்கூட வீல்சேர் கேட்டு வாங்கிக்கொண்டு போவது முழங்காலுக்காக இல்லை. அந்த வரிசையில் இங்கிலீஷ் பேச ஒரு துணை வேண்டும் என்பதற்காக. ஆறு மாத மாத்திரை, சாம்பார் பொடி, பிரசவ மருந்து, மங்கி கேப் எல்லாம் 23 கிலோ பெட்டிக்குள். ஆறாவது மாதம் முடியும் வாரத்தில் அம்மா கிளம்புவார், அதே வாரத்தில் சம்பந்தியம்மா வந்து இறங்குவார். பெண் வீட்டார் ஒரு ஷிப்ட், பையன் வீட்டார் ஒரு ஷிப்ட். குழந்தை தவழ்வதை ஒரு பாட்டி பார்ப்பார், நடப்பதை இன்னொரு பாட்டி பார்ப்பார். இரண்டையும் ஒருவரே பார்க்கக் கொடுத்துவைப்பது அரிது.

இதற்குப் பயந்து கிரீன் கார்டு வாங்கிக்கொடுத்துவிடலாம் என்று பிள்ளை நினைத்தால், முதலில் அவன் அமெரிக்கக் குடிமகன் ஆக வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் இந்தியனுக்குக் கிரீன் கார்டு வரிசையே பத்து வருஷத்துக்கு மேல். அதையும் தாண்டி அம்மாவுக்கு வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஆட்டம் தலைகீழ். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால் ஏன் இவ்வளவு நாள் அங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். முன் அனுமதி வாங்காமல் ஒரு வருஷம் தாண்டினால் கார்டே போச்சு. சுற்றுலா விசாவில் போனவருக்கு அங்கே அதிக நாள் இருந்தது குற்றம். கிரீன் கார்டில் போனவருக்கு இங்கே அதிக நாள் இருந்தது குற்றம். பாதி இங்கே, பாதி அங்கே என்று வாழ விரும்பும் சாதாரண அம்மாவுக்கு அந்தச் சட்டப் புத்தகத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

பணக்காரருக்கு இருக்கிறது. டிரம்ப் பிளாட்டினம் கார்டு என்று அறிவித்திருக்கிறார்கள். 50 லட்சம் டாலர் கொடுத்தால் வருஷத்துக்கு 270 நாள்வரை அமெரிக்காவில் இருக்கலாம், வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரியும் இல்லை என்பது விளம்பரம். வருஷத்தைப் பிரித்து வாழ்வது முடியாத காரியம் இல்லை என்று அமெரிக்காவுக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கனடாக் கிழவர்களைப் பாருங்கள். பனிக்காலத்தில் புளோரிடாவுக்கு இறங்கும் அவர்களுக்கு ஸ்னோபேர்ட் என்று செல்லப் பெயர். விசாவே வேண்டாம், வருஷத்தில் ஆறு மாதம் தாராளமாக இருக்கலாம். அது போதவில்லை, 50 வயது தாண்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு 240 நாளாக ஆக்குங்கள் என்று அமெரிக்கக் காங்கிரசில் மசோதாவே கொண்டுவந்தார்கள். கோல்ஃப் ஆட வருகிறவர்களுக்கு எட்டு மாதம் தேவை என்பது சட்டம் இயற்றுபவர்களுக்குப் புரிகிறது. பேரன் பிறப்பதற்கு ஒருவர் வர வேண்டும் என்பது மட்டும் எத்தனை மொழியில் சொன்னாலும் புரிவதில்லை.

ஆஸ்திரேலியா இப்படியெல்லாம் முகத்தைச் சுளிக்காது. பண்பாக வரிசையில் நிற்கச் சொல்லும். பெற்றோர் விசாவுக்கு இன்று விண்ணப்பம் போட்டால் கிடைக்க 30 ஆண்டுக்கும் மேல் ஆகும் என்று அந்நாட்டு உள்துறையே எழுதி வைத்திருக்கிறது. 68 வயதில் விண்ணப்பித்தவரை 98 வயதில் வரவேற்பார்கள். அப்போது மருத்துவப் பரிசோதனையும் உண்டு, தேறவேண்டும். அவசரக்காரர்களுக்கு இன்னொரு வரிசை, ஆளுக்கு ஏறக்குறைய 50,000 ஆஸ்திரேலிய டாலர். பணம் கட்டும் அந்த வரிசையும் பத்து வருஷத்துக்கு மேல். 2023-இல் அவர்களே அமைத்த ஆய்வுக்குழு, கிடைக்கவே போகாத விசாவுக்கு விண்ணப்பம் வாங்குவது கொடுமை என்று எழுதிக் கொடுத்தது. விண்ணப்பக் கட்டணம் வாங்குவது நிற்கவில்லை.

அங்கே 'குடும்பச் சமநிலைச் சோதனை' என்று ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிலையாக இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். ஒருத்தி சிட்னி, ஒருவன் டொராண்டோ, ஒருத்தி மதுரை என்றால் நீங்கள் ஃபெயில். முதலிரவுக்குப் போகும்போதே இந்த விகிதாசாரத்தை யோசித்திருக்க வேண்டும். தற்காலிகமாகப் பெற்றோரை அழைக்க ஒரு விசா 2019-இல் வந்தது. மூன்று வருஷம் அல்லது ஐந்து வருஷம், ஆயுளுக்கு மொத்தம் பத்து வருஷம்தான். பதினோராவது வருஷம் நீங்கள் உயிரோடு இருந்தால் அது உங்கள் பிரச்சினை.

பிரிட்டனின் சாமர்த்தியம் வேறு ரகம். அங்கே கதவு இருக்கிறது, திறக்கிற சாவியை மட்டும் செய்யவில்லை. 2012 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வயதான தாயைப் பிள்ளை நிரந்தரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமானால் அந்தத் தாய் குளிக்க, உடுத்த, சாப்பிடப் பிறர் கை வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். அந்தக் கவனிப்பு, பிள்ளை பணம் அனுப்பினாலும் சொந்த ஊரில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். அரசிடம் ஒரு பைசா கேட்காமல் லண்டனில் அம்மாவை வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பிள்ளை பணக்காரனாகவும் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத அளவுக்கு அதே பிள்ளை ஏழையாகவும் இருக்க வேண்டும். அம்மா படுத்த படுக்கையாகவும் கிடக்க வேண்டும், பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தும் வர வேண்டும். இந்த விதியை மாற்றுங்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமும் கேட்டுப் பார்த்துவிட்டன. ஒரு தேசத்தின் ஆஸ்பத்திரிகளில் மாற்றான் அம்மாவுக்கு இரவுப் பணி பார்க்கும் நம் ஊர் டாக்டர், தன் அம்மாவைப் பார்க்க லீவ் போட்டு விமானம் ஏற வேண்டும். விசிட் விசாவில் அடிக்கடி வரவழைத்தால், பிரிட்டனையே வீடாக்கிக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வரும்.

கனடா பரவாயில்லை. சூப்பர் விசா என்று 2011-இல் தொடங்கினார்கள். 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருஷம்வரை தங்கலாம். இருக்கிறவற்றில் மனிதத்தன்மை கொஞ்சமாவது உள்ள ஏற்பாடு இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். 70 வயதில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத தமிழரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் காப்பீட்டுக்காரர் சந்தோஷமாகப் பாலிசி தருவார். மற்றவர்களுக்கு 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று அடிக்குறிப்புப் போடுவார். நிரந்தரமாகத் தங்க வேண்டுமா, குலுக்கல். 2020-இல் பெயர் கொடுத்தவர்களின் சீட்டுகளையே பல வருஷம் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள லாட்டரி அடிக்க வேண்டும்.

வளைகுடாவைப் பற்றிப் பேசினால் வயிறு எரிகிறது. ஐக்கிய அரபு அமீரகம் 55 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷ ஓய்வு விசா தருகிறது. 10 லட்சம் திர்ஹாம் சேமிப்போ, அந்த மதிப்புக்குச் சொத்தோ, மாதம் 20,000 திர்ஹாம் வருமானமோ இருந்தால் போதும். ராமநாதபுரத்திலிருந்து போய் 30 வருஷம் அந்தக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவரும் 55 வயது தாண்டியவர்தான். அவரும் வாழ்க்கையை இரண்டு நாடாகப் பிரித்தவர்தான்: 22 மாதம் லேபர் கேம்ப், இரண்டு மாதம் ஊர். வேலை முடிந்த அன்று விசாவும் முடிந்தது. அவர் பூசிய சுவருக்குள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க எங்கிருந்தோ ஒருவர் வந்து இறங்குகிறார். மலேசியாவில் இன்னும் மோசம். அந்த மண்ணிலேயே பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டியே முதுகு வளைந்த தமிழ்ப் பாட்டிகள் பலர் குடிமக்கள் அல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு, குடியுரிமை கேட்டு அலைந்தார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தர வேண்டும் என்று 2018-இல்தான் அரசுக்கு நினைவு வந்தது. அதே நாடு 10 லட்சம் டாலர் வைப்பு வைக்கும் வெளிநாட்டுக்காரருக்கு 20 வருஷத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறது. திட்டத்தின் பெயர் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்'. முதலாவது இல்லமே அதுதான் என்று இருந்தவர்களுக்குத்தான் கதவு சிக்கிக்கொண்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெளிநாட்டு இந்தியர்கள் 2024-இல் ஊருக்கு அனுப்பிய பணம் உலக வங்கிக் கணக்குப்படி ஏறத்தாழ 12,900 கோடி டாலர்; உலகத்திலேயே முதலிடம். மேடை போட்டு மார்தட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்காக இந்த அரசாங்கம் எந்த நாட்டோடு உட்கார்ந்து பேசி, என்ன வாங்கிக்கொடுத்தது? 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் 75, பத்து வருஷத்தில் 40. விஸ்கி இங்கே வர வழி செய்தாகிவிட்டது. அம்மா அங்கே போக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவோடு 2022-இல் போட்ட ஒப்பந்தத்தில் 18 முதல் 30 வயதுக்குள் வருஷத்துக்கு 1,000 இளைஞர்கள் அங்கே போய் ஊர் சுற்றி வேலையும் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினார்கள். 30 வயதுக்காரன் ஊர் சுற்ற வாதாடத் தெரிந்த அதிகாரிகளுக்கு, 30 வருஷ வரிசையில் நிற்கும் அவன் அம்மா கண்ணில் படவில்லை.

பெற்றோர் பக்கம் டெல்லி திரும்புவது வேறொரு வேலைக்காக. மத்திய அரசு ஓய்வூதியர் ஒவ்வொரு நவம்பரும் தான் உயிரோடு இருப்பதாக அரசுக்குச் சான்று காட்ட வேண்டும். ஊரில் உயிரோடு இருக்கிறேன் என்று இந்தியாவிடமும், உயிரோடு ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று அமெரிக்காவிடமும் ஒரே கிழவர் ஒரே மாதத்தில் சத்தியம் செய்கிறார். அவர் பிள்ளையோ வருமான வரிக்காகத் தன் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள வெளிநாடு வாழ் இந்தியருக்கு 182 நாள் வரம்பை 2020-இல் 120 ஆக்கினார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வந்து நாலு மாதம் இருக்கும் பையன், ஐ.சி.யு. வாசலில் காலண்டரை எண்ண வேண்டும்.

நம்மையும் விட்டுவிட முடியாது. பிள்ளையைப் பார்க்க அந்நிய நாட்டின் கண்ணாடி ஜன்னலில் கைகட்டி நின்றுவிட்டு, திரும்பி வந்து கல்யாண மண்டபத்தில் 'யு.எஸ்.ல கிளைமேட் சூப்பர் சார்' என்கிறோம். விசா மறுக்கப்பட்டதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை, கௌரவக் குறைச்சல். பாங்கு லோன் மறுத்தால் தெருமுனையில் நின்று திட்டும் சமூகம், 16,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு நீ திருட்டுத்தனமாகத் தங்கிவிடுவாய் என்று சொன்னவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மௌனம்தான் அவர்களுக்கு வசதி.

ஜனவரி 9 வெளிநாடு வாழ் இந்தியர் நாள். 12 அயலகத் தமிழர் நாள். சால்வை போர்த்த உங்கள் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போகச் சொல்லுங்கள். மைக் கைக்கு வந்ததும் முதலீடு, தாய்மண், செம்மொழி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: அடுத்த வர்த்தக ஒப்பந்தத்தில் விஸ்கிக்கு முந்தின பத்தியில், பெற்றோர் வருஷத்துக்கு ஆறு மாதம் தடையில்லாமல் போய்வர ஒரு விசா எழுதுவீர்களா, மாட்டீர்களா? தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர் போகிறார்கள். உங்கள் தொகுதிக்காரருக்கு நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். அதில் உங்கள் வயதைக் குறிப்பிட மறக்காதீர்கள். 'அவசரம்' என்று தனியாக எழுத வேண்டியிருக்காது.